கூடலூரில் வாங்கிய மைக்

பழைய மைக் வாங்கும் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால் திராட்சைத் தோட்டத்தைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும். கம்பத்துக்கு வெளியே, மாமனாரின் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. பின்னறையில் உட்கார்ந்து கிட்டார் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது என் பிழைப்பு. சென்னையிலோ கொச்சியிலோ யாரோ ஒரு பாட்டை உருவாக்குவார்கள். அதற்குக் கிட்டார் மட்டும் இங்கிருந்து போகும். முதலில் நான் வாங்கிய புது மைக்குக்குக் காது ரொம்பக் கூர்மை. பந்தலில் மருந்தடிக்கும் டிராக்டர், பக்கத்துக் கிணற்று மோட்டார், கிளி விரட்டத் தட்டும் தகர டப்பா எல்லாவற்றையும் அது கிட்டாரோடு சேர்த்துப் பதிந்து வைத்தது.

பழைய மைக்கில் அந்தத் தொல்லை குறைவு. எதிரில் இருப்பதைத்தான் முக்கியமாகக் கேட்கும், அதையும் கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும். இரும்புக் கம்பி போட்ட கிட்டாருக்கு அந்த மந்தம் நல்லது. காதைக் கீறுகிற கூர்மை மழுங்கி, சத்தம் சதைப்பிடிப்போடு வரும். முதல் மைக்கைத் தேனியில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடுத்தேன். அடுத்தது இடிக்கப்போகிற ஒரு சினிமா கொட்டகையில் கிடைத்தது. அவற்றைச் சொருகுவதற்காக ஒரு பழைய வால்வு ஆம்பிளிஃபயரும் வாங்கினேன்.

அந்த ஆம்பிளிஃபயரில் ஓயாமல் ஓர் இரைச்சல். பத்து நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒருநாள் பிளக்கைப் பிரித்து எர்த் வயரைக் கழற்றிவிட்டேன். இரைச்சல் பெருமளவு அடங்கியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குப் பிறகு சில சமயம், ஒரு கை கிட்டார் கம்பியிலும் மறு கை மைக்கிலும் இருக்கும்போது விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். கிட்டார் வாசிக்கிற எல்லாருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன்.

கூடலூரில் ஒருவரிடம் நல்ல மைக் இருக்கிறது என்று கம்பத்து ரேடியோ கடைக்காரர் சொன்னார். "மைக்செட் வச்சிருந்தவரு. தொழிலை விட்டு ரொம்ப வருசமாச்சு. சாமானெல்லாம் அங்கனயே கெடக்கு, போய்க் கேட்டுப் பாருங்க" என்றார். மறுநாள் காலையில் பைக்கை எடுத்தேன். வாங்கி வந்ததும் வாசித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், வால்வு சூடாகட்டும் என்று ஆம்பிளிஃபயரைப் போட்டுவிட்டே கிளம்பினேன்.

நான் போனபோது ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகளெல்லாம் மலையேறிவிட்டிருந்தன. கடைத்தெருவில் சந்தடி குறைவாக இருந்தது. அவர் இப்போது மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறார். அறுபது வயதிருக்கும். வந்த விஷயத்தைச் சொன்னதும் தராசை ஓரமாக நகர்த்தினார். பிறகு உள்ளே போய், தவிட்டுச் சாக்குக்குள் துண்டில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்தார். கனமான மைக். முழுக்க உலோகம். வலையின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"கையில பிடிச்சுப் பாடுவீகளா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. ஸ்டாண்டுல மாட்டிக் கிட்டாருக்கு முன்னாடி வைப்பேன்."

"ஆளு யாரும் தொட மாட்டாகளே?"

"தொட வேண்டியதில்லண்ணே."

"அப்பன்னா எடுத்துக்கங்க சார்."

"சாரெல்லாம் எதுக்குண்ணே. தம்பிண்டே கூப்பிடுங்க."

அவர் மைக் சுற்றியிருந்த துண்டை மடித்தார். நான் மைக்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "கீழ விழுந்துச்சாண்ணே?" என்று கேட்டேன். நசுங்கல் உள்ளே வரை போயிருக்கிறதா என்பதுதான் என் கவலை.

"ஆமா. என் தம்பி கையில இருந்து விழுந்துச்சு."

அவர் மூட்டை மேல் உட்கார்ந்தார். அவராகவே சொன்னார்.

"ஒரு கல்யாண வீடு. மத்தியானம் மழை பேஞ்சு விட்டிருந்துச்சு. பந்தலெல்லாம் சகதி. கொழா ஸ்பீக்கர்ல ம்ம்ம்முண்டு ஒரே இரைச்சல். பொண்ணு வீட்டுக்காரவுக வந்து சத்தம் போட்டாக. நாந்தேன் பிளக்கைப் பிரிச்சு எர்த்து வயரைக் கழட்டி விட்டேன். இரைச்சல் நின்னு போச்சு. தம்பியப் பேசிப் பாருண்டு சொன்னேன். அவன் செருப்பில்லாம சகதியில நின்னான். நான் பெஞ்சு மேல உக்காந்திருந்தேன், எனக்கு ஷாக் ஒண்ணும் தெரியல. ஹலோண்டு ஒரே ஒரு தடவ சொன்னான். அப்புறம் சத்தமே இல்ல."

கடைக்கு யாரோ பருத்திக்கொட்டை கேட்டு வந்தார்கள். அவர் அப்புறம் வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"வயருதேன் லூசா இருக்குண்டு நெனச்சு, நான் வால்யூமைக் கூட்டுனேன் சார்."

அவருடைய தம்பிக்காக வருத்தப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். அந்த நிமிடத்தில் என் கண் முன்னால் நின்றது என் பின்னறைதான். அதே வேலையைத்தான் நானும் செய்திருந்தேன். பிளக்கைப் பிரித்து, வயரைக் கழற்றி, இரைச்சல் அடங்கியதும் மெச்சிக்கொண்டேன். ஆம்பிளிஃபயர் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய், வெள்ளியில் என் மனைவி வீட்டைக் கழுவித் துடைப்பாள்.

போனை எடுத்து அடித்தேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தேன். அதுவும் ஓய்ந்தது. என் முகத்தில் அவர் எதைப் பார்த்தாரோ, மூட்டையிலிருந்து எழுந்துவிட்டார். மூன்றாவது தடவை எடுத்தாள்.

"என்னங்க, விடாம அடிக்கிறீக? தொடைச்சிட்டிருக்கேன், கையெல்லாம் ஈரம்."

"எங்க இருக்க?"

"உங்க ரூம்லதேன். இந்த மைக் ஸ்டாண்டை நகத்திட்டிருக்கேன், அடியில ஒரே தூசி."

"விடு. அதை விட்டுட்டு வெளிய வா. எதையும் தொடாத."

"எதுக்கு?"

"வந்துட்டியா?"

"வந்துட்டேன். என்னாச்சு உங்களுக்கு?"

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறையில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அணைத்த சத்தம் போனில் கேட்டது. காரணத்தைக் கேட்டாள். வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சாவியைப் பைக்கில் போட முயன்றபோது அது துளைக்குள் போகவில்லை.

"குடுங்க. நான் ஓட்டுறேன்" என்றார் அவர். கடையை அப்படியே சாத்திவிட்டு, உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டார். மைக் என்னிடமே இருந்தது. அது வேண்டாம் என்று திருப்பி நீட்டினேன். "மைக்கு என்ன செஞ்சுச்சு? நாம செஞ்சதுக்கு அது என்ன பண்ணும்? வச்சுக்கங்க" என்றார். என் பைக்கை அவர் ஓட்ட, நான் பின்னால் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு கம்பம் வரை உட்கார்ந்து வந்தேன்.

மனைவி வாசலில் நின்றிருந்தாள். ஒரு கீறலும் இல்லை.

அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு ஹோல்டரையும் ஜீரோ வாட் பல்பையும் இரண்டு நீள வயர்களையும் எடுத்து ஒன்றாக இணைத்தார். மாமனாரின் கடப்பாரையைக் கேட்டு வாங்கி, தண்ணீர் பாய்ச்சியிருந்த திராட்சைக் கொடியடியில் இறக்கி, ஒரு வயரை அதில் கட்டினார். மற்றதை ஆம்பிளிஃபயரின் உடம்பில் முறுக்கினார். எங்கள் இருவரையும் அறைக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மெயினைப் போட்டார்.

பல்பின் இழை சிவந்தது. மங்கலாகத்தான். ஆனால் பட்டப்பகலில், வாசற்படியில் நின்றபடி எங்களுக்குத் தெரிந்தது.

அவர் மெயினை அணைத்தார்.

"பொட்டி ஒடம்பு முழுக்கக் கரண்டு. மைக் வயர் வழியா மைக்குக்கும் வருது" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "ஆத்தா, காலுல என்ன போட்டிருந்தீக?" என்று கேட்டார்.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். குதிகால் வலிக்கு வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். நீல ரப்பர் செருப்பு. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அன்று மாலைக்குள் இன்னொன்றும் தெரிந்தது. மீட்டர் பெட்டியிலிருந்து மண்ணுக்குள் போகும் எர்த் கம்பியைத் தேடி அவரும் மாமனாரும் தோண்டினார்கள். ஒரு முழ ஆழத்தில் அது அறுந்து கிடந்தது. சொட்டுநீர்க் குழாய் பதித்தபோது மண்வெட்டி பட்டு அறுந்திருக்கிறது. கிரைண்டர், பிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின் எதற்குமே எர்த் இல்லாமல் எத்தனையோ மாதமாக வாழ்ந்திருக்கிறோம். ஆம்பிளிஃபயர் இரைந்ததற்கும் அதுவே ஒரு காரணம் என்றார் அவர். நான் பிளக்கைப் பிரிக்காமல் இருந்திருந்தாலும் ஆபத்துத்தான். ஆனால் பிரித்தேன். அதை எப்படிச் சொல்லியும் மாற்ற முடியாது.

எர்த்துக்குப் புதிதாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினோம். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்துவிடும் சுவிட்ச் ஒன்றும் வைத்தோம். ஆம்பிளிஃபயருக்குள் கரண்ட் கசிந்த டிரான்ஸ்ஃபார்மரையே மாற்றினோம். அவர் இரண்டு தடவை பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போனார். எந்தச் சாமானையும் முதலில் புறங்கையால் தொட வேண்டும் என்று என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். "உள்ளங்கையால பிடிச்சா கை மூடிக்கிரும் ஆத்தா. விடணும்னு நெனச்சாலும் விட வராது." வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். என்னை அவர் இன்றுவரை சார் என்றுதான் கூப்பிடுகிறார்.

எல்லாம் முடிந்து, கூடலூர் மைக்கை முதன்முதலாக ஸ்டாண்டில் மாட்டினேன். ஒரு சுரம் மீட்டிக் கேட்டேன். இரைச்சலே இல்லை. கிட்டாரின் மரம் பேசுவது தனியாகக் கேட்டது. இத்தனை நாள் தேடிய சத்தம் அதுதான். ஹெட்போனைக் கழற்றி மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து, சொல்லிக்கொடுத்தபடி புறங்கையால் மைக்கைத் தொட்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"இப்ப ஒண்ணும் இல்ல" என்றாள்.

"இப்பன்னா?"

"முன்னாடி தொடைக்கிறப்ப ரெண்டு மூணு தடவ சுருக்குண்டு இருந்துச்சு. ஒரு தடவ முழங்கை வரைக்கும் வலிச்சுச்சு."

"ஏன் சொல்லல?"

"அந்தச் சாமானெல்லாம் அப்படித்தேன் போலண்டு நெனச்சேன். நீங்களும் தொடுறீகள்ல. சொன்னா வேலையப் பாதியில போட்டுட்டு அதப் பிரிச்சுக்கிட்டு உக்காந்துருவீக. அந்தப் பாட்டை வேற அன்னைக்கு அனுப்பணும்னு சொல்லிட்டிருந்தீக."

கிட்டார் என் மடியில் இருந்தது. அதை இறக்கி வைத்தேன். பிறகு ஆம்பிளிஃபயரை அணைத்துவிட்டு இருவரும் வெளியே வந்து உட்கார்ந்தோம். பந்தலில் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தெந்த நாள், எந்தப் பாட்டு, அன்று காலில் செருப்பு இருந்ததா என்று அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சரியாக நினைவில்லை.