ஃபேனுக்குக் கீழே கதிரை

எனக்குக் காது செவிடாகிவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். மனைவி இறந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்த சனமெல்லாம் போன பிறகு, ஒரு பின்னேரம் ஸ்டீரியோ செட்டைப் போட்டுவிட்டு அவளுடைய கதிரையில் போய் இருந்தேன். பாடகர் பாடினார், வயலின் இழைந்தது. அடியில் கனமாக உருள வேண்டிய மத்தளத்தை மட்டும் காணவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் எவ்வளவு வேகமாக மடையனாகலாம் என்று அந்தக் கிழமை காட்டினேன். உள்ளிப்பூடு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுச் சேர்ட் கொலரை நாசமாக்கினேன். சோற்றுப் பானையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். வாவிக் கரையில் கண்ணை மூடி நின்று படகு எஞ்சின்களை எண்ணினேன். காது டொக்டர் ஹெட்போனை மாட்டிப் பரிசோதித்துவிட்டு, “உங்கட காதுக்கு ஒண்டுமில்ல” என்றார். அப்படியென்றால் மூளைதான் என்று திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவெடுத்தேன். அடக்கத்தன்று அழுகை வரவில்லை. இப்போது மத்தளமும் வரவில்லை. உள்ளே ஒவ்வொன்றாக நின்றுபோகிறது என்று நினைத்தேன். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

தன்னாமுனையில் இருக்கும் மனைவியின் தம்பி கலியாணங்களுக்கும் திருநாள்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவன். விஷயத்தைச் சொன்னதும் வந்தான். செட்டைத் தொடவே இல்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, சுவரோரமெல்லாம் காதைச் சாய்த்து நடந்தான்.

“இஞ்ச வந்து இரிங்க அத்தான்.”

சுவரோடு ஒட்டிய என் நீள மெத்தை இருக்கையில், செட்டியில், இருந்தேன். மத்தளம் விலாவில் குத்தியது.

“மறுகா ஒழும்பிக் கதிரைக்குப் போங்க.”

போனேன். மத்தளம் இல்லை. நாலு தரம் இப்படி நடத்தினான், குழந்தைக்கு நடை பழக்குவது போல.

“காதும் நல்லம், செட்டும் நல்லம். இந்த அறைதான் கள்ளன். பேஸ், அந்தக் கனத்த அடிச் சத்தம், ரெண்டு சுவரிலயும் முட்டித் திரும்பும். சுவரடியில கூடிப்போய் இரையும், நட்டநடுவில ஒண்டையொண்டு விழுங்கிப்போடும். ஃபேனுக்குக் கீழ எண்டு கதிரைய நடுவில போட்டா என்ன கேக்கும்? காத்துத்தான் கேக்கும்.”

ஸ்பீக்கர் பெட்டிகளை மூலையிலிருந்து இரண்டு முழம் வெளியே இழுத்தான். முப்பத்தோராம் நாளுக்கு வந்தவர்கள் படுக்க வாங்கிய பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி மூலைகளில் நிறுத்தினான். கதிரையை மூன்று அடி பின்னால் தள்ளினான். மத்தளம் வந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குச் சந்தோசம் வரவில்லை. வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

“எவ்வளவு காலமா இப்பிடி, மச்சான்?”

“பெட்டிய மூலையில வச்ச நாளையில இருந்து. நீங்க செட்டிய விட்டு ஒழும்பாததால தெரியல்ல.”

பெட்டி வாங்கிப் பதினொரு வருடம். வெக்கை தாங்காமல் அவள் எப்போதும் ஃபேனுக்குக் கீழேதான் இருப்பாள். அங்கிருந்து கேட்பாள்: “இஞ்சேருங்க, மத்தளக்காரன் இண்டைக்கும் லீவா?” செட்டியில் சாய்ந்தபடியே, “உனக்குத் தகரக் காது” என்பேன். வீட்டுக்கு வந்த ஆட்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவளும் சிரிப்பாள்.

அவள் காதில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவள் இருந்த இடத்தில் மத்தளம் கேட்கவில்லை. நான் ஒரு நாளாவது எழும்பிப் போய் அங்கே இருந்து பார்க்கவில்லை.