ராசிக்காரரும் பாய்லர் பரீட்சையும்

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் 'ராசி' என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் அவர் பாய்லர் உதவியாளர். சுவருக்கு மறுபக்கம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் நான். அவர் நீராவி அனுப்பினால்தான் என் மெஷின் சூடாகும். பள்ளிக்கூடத்தில் விடை தெரியாமல் குருட்டாம்போக்கில் எழுதியே கணக்கில் தேறியவராம். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் இது. ஊரார் கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், அவரும் அதை நம்பித் தொலைத்தார். அங்கேதான் வந்தது வினை.

பாய்லரைத் தனியாக இயக்க அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். முதல் தடவை பரீட்சைக்குப் போனபோது, 'கட்டாயம் வரும் கேள்விகள்' என்று வாசலில் எவனோ விற்ற தாளை வாங்கி மனப்பாடம் செய்தார். அதிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. இரண்டாம் தடவை எழுத்துத் தேர்வில் எப்படியோ தப்பித்துவிட்டார். செய்முறையில் மாட்டிக்கொண்டார். "நீராவியை நிறுத்து" என்று தேர்வாளர் சொன்னதும் அவர் கை தன்னால் இடப்பக்கம் மேலே போயிருக்கிறது. எங்கள் பாய்லரில் வால்வு அங்கேதான் இருக்கும். பரீட்சைக்கு வைத்திருந்த பாய்லரில் அங்கே ஒன்றுமே கிடையாது. வெறும் காற்றைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றாராம் மனுஷன்! கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்புறம் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னொரு தடவை தவறினா, சான்றிதழ் இருக்கிற ஆளை வெளியிலிருந்து போட்டுடுவோம். நீங்க அழுக்குத் துணி ஏத்துற பக்கம் போயிடுங்க" என்றார். எங்கள் ஆஸ்பத்திரி பாய்லரைப் பெற்ற பிள்ளை மாதிரித் துடைத்து வைப்பவர் இவர். வீட்டுக்கு வந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"விடு, இந்தத் தடவை ராசி கைகொடுக்கும். நீலச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சட்டையா போய் பரீட்சை எழுதப்போகுது? புத்தகத்தை எடுங்க!"

"நீ என்ன பெரிய இன்ஜினியரா, எனக்குச் சொல்லித்தர?"

"இன்ஜினியர் இல்லைங்க. கேள்வி கேட்க வாய் இருக்கு, அது போதும்."

அன்றைக்கே ஆரம்பித்தேன். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்பேன், அவர் பதில் சொல்ல வேண்டும்.

"தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாயைச் சோதிச்சுப் பார்த்தாச்சு. பாய்லர்ல தண்ணி மட்டம் கீழே போய், கண்ணுக்கே தெரியலை. என்ன செய்வீங்க?"

"இது ஒரு கேள்வியா? உடனே பம்ப்பைப் போட்டுத் தண்ணி விடுவேன்."

புத்தகத்தைப் பார்த்தேன். "போச்சு. ஆளே காலி."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குறைந்தால் தண்ணீர் விடாமல் வேறென்ன செய்வது என்று சண்டைக்கு வந்தார். நான் வெறும் வாணலியை அடுப்பில் நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தேன். அது சீறிய சீறலில் பின்னால் துள்ளிவிட்டார்.

"இது வாணலி. உங்க பாய்லர் எத்தனை பெருசு?"

புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். முதலில் தீயை நிறுத்த வேண்டும், காய்ந்து கிடக்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் ஒரே நொடியில் நீராவியாகி பாய்லரே வெடிக்கலாம் என்று அவரே படித்து அவரே எனக்கு விளக்கினார். அன்றிலிருந்து எதைப் படித்தாலும் 'ஏன்' என்று கேட்க ஆரம்பித்தார். என் உயிரை எடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

விடுமுறை நாட்களில் சோப்புத் தொழிற்சாலை, ஓட்டல், சாயப்பட்டறை என்று அலைந்து, கெஞ்சிக் கூத்தாடி மற்றவர்களின் பாய்லர்களைப் பார்த்து வந்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று முதலில் கண்ணால் தொடர்ந்து பார்ப்பாராம். வால்வின் பெயரை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கையை நீட்டுவாராம். அந்தக் கையின் பழக்கத்தை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது அவருக்கு. பரீட்சை நெருங்கியபோது எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தார்.

நானும் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனேன். செய்முறை முடிந்து வந்தவர், மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"வால்வெல்லாம் சரியாப் பிடிச்சேன். கடைசியில தேர்வாளரு, 'தண்ணி மட்டம் தெரியலை, பம்ப்பைப் போடு'ன்னாரு. முடியாது சார்னேன். 'நான் உன் மேலதிகாரி, சொல்றேன், போடு'ன்னு மேசையைத் தட்டினாரு. நீங்க யாரா இருந்தாலும் சரி சார், தீயை நிறுத்தாம எதையும் தொடமாட்டேன்னு சொல்லிட்டேன்."

"அடப்பாவி மனுஷா! மார்க் போடுறவர்கிட்டயா எதிர்த்துப் பேசினீங்க?"

"சாப்பிடு. நான் பாஸ்" என்றார்.

எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சாயங்காலம் பலகையில் முடிவுத் தாளை ஒட்டியதும் விழுந்தடித்து ஓடினேன். அவர் எண் இருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், அவருடையதேதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தால், டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்!

"அந்த ஆள் கோபத்துல பெயில் போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அழுக்குத் துணி ஏத்தியிருப்பேன். அதுக்காக பம்ப்பைப் போட முடியுமா? சுவருக்கு அந்தப் பக்கம் நீ நிக்கிறியே."