அம்மா எழுந்த இடம்

நேற்று வீட்டிலிருந்தே அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். கணினித் திரையில் யாரோ பேசிக்கொண்டிருக்க, சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. மைக்கை அணைத்துவிட்டு ஓடினேன், அடுப்பை நிறுத்தினேன், திரும்ப வந்து உட்கார்ந்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டதுபோல் எனக்கே சிரிப்பு வந்தது. கூடவே வெந்த பருப்பின் வாசனையும் வந்தது. அவ்வளவுதான், கூட்டம் மறந்துபோயிற்று.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு தறி இருந்தது. மிச்ச கால்வாசியில்தான் சாப்பிட்டோம், படித்தோம், சண்டை போட்டோம். பருப்பு வேகும் வாசனையோடு பட்டு நூலின் பச்சை வாசனை கலந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்கு வீடு என்றால் அதுதான். அப்பளம் மட்டும் பொரிக்கவே மாட்டோம். எண்ணெய்ப் புகை பட்டில் ஏறிவிடுமாம். அப்பளத்துக்காகவே கல்யாண வீடுகளுக்குப் போன குடும்பம் எங்களுடையது.

நெய்தது அம்மா. அப்பா ஏகாம்பரத்துக்குக் கடைத்தெருவில் சைக்கிள் கடை. ஆனால் நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளிக்கு அப்பாதான் நெசவாளி. தறியில் நீளவாக்கில் பூட்டும் பாவு நூலைப் பெண்களுக்கு அவர் கொடுப்பதில்லை. "பொம்பளைங்க நடுவுல நடுவுல அடுப்பாண்ட எழுந்து போவாங்க, சேலையில கோடு விழும்" என்பார். அதில் பாதி உண்மைதான். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி நெய்தால், நிறுத்திய இடத்தில் குறுக்கே மெல்லிய கோடு விழும். அதனால் பாவு அப்பா பேரில் வந்தது. சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாளில் அப்பா கையில் ஒட்டிய கிரீஸ் கறையை மண்ணெண்ணெயில் தேய்த்து, பிறகு சோப்பில் தேய்த்து, என்னிடம் நீட்டி, "நெசவுக்காரன் கை மாதிரி இருக்குதா?" என்று கேட்பார். நானும் பெரிய நிபுணர்போலத் தலையாட்டுவேன்.

அம்மாவின் சேலையில் கோடு விழாது. எழுவதற்கு முன் பாவைத் தளர்த்துவாள். வந்ததும் இழுத்துக் கட்டி விரலால் சுண்டிப் பார்ப்பாள். பழைய இழுவை வந்த பிறகுதான் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும். முடித்த சேலையைப் புரட்டி, அம்மா எழுந்த இடத்தைத் தேடுவது எனக்கு விளையாட்டு. ஒருநாளும் ஜெயித்ததில்லை.

நான் ஐந்தாவது படிக்கும்போது, ஒரு கல்யாணச் சேலையைக் கொடுக்க வேண்டிய நாளில் அப்பா ஆற்காட்டுக்குத் துக்கத்துக்குப் போய்விட்டார். அம்மாவே சேலையை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனாள். "அங்க வாயத் தொறக்காத பாப்பா" என்று மூன்று முறை சொன்னாள்.

முதலாளி சேலையை விரித்தார், புரட்டினார், தடவினார். "ஏகாம்பரம் கை ஆம்பள கைம்மா. ஒரே மூச்சுல நெய்ஞ்சிக்கிறான் பாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கப்பாக்கு நெய்யவே தெரியாதே! அவரு பஞ்சர்தான் ஒட்டுவாரு" என்றேன்.

அம்மா என் கையை இறுக்கிய இறுக்கில் என் வளையல் ஒன்று உடைந்தது. முதலாளி முகம் சிவந்துவிட்டது.

"அப்போ இத்தினி வருஷமா என்ன ஏமாத்திக்கினு இருந்தீங்களா?"

அவர் பாவு தரமாட்டேன் என்றால் எங்கள் தறி நின்றுவிடும். அம்மா மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவளோ நிமிர்ந்தாள்.

"பேருதாங்க பொய்யி. சேலை பொய்யில்ல. இதுல எத்தினி வாட்டி எழுந்தேன்னு எனக்கே கணக்கு தெரியாது. பால் பொங்கிச்சு எழுந்தேன். இவளுக்கு ஜுரம், ராவும் பகலும் எழுந்தேன். ஒரே ஒரு எடம் காட்டுங்க. நாளைக்கே தறியைக் கழட்டிடறேன்."

முதலாளி கண்ணாடியை மாட்டினார். சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முழம் முழமாகத் தள்ளிப் பார்த்தார். வேலைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாதி தாண்டியதும் அவர் விரல் நின்றது.

"இதோ."

அம்மா குனிந்து பார்த்தாள். உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். கோடு போய்விட்டது. "மடிப்புங்க" என்றாள்.

மிச்சத்தையும் அவர் விடாமல் பார்த்தார். பிறகு நிதானமாக மடித்தார். அடுத்த பாவு மூட்டையில் கட்டியிருந்த, அப்பா பேர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். புதுச் சீட்டை எடுத்து, "உம் பேரு என்னம்மா?" என்றார்.

"சரோஜா" என்றாள் அம்மா. அந்தப் பேரை அவள் அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் ஆற்காட்டிலிருந்து வந்த அப்பாவிடம் சீட்டைக் காட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்தார். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அப்பாடா, இனிமே மண்ணெண்ணெ வேணாம்" என்றார். பிறகு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், "எம் பொண்டாட்டி பேர்ல பாவு வந்துக்கிது" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருடத்துக்குள் எங்கள் தெருவில் இன்னும் மூன்று பெண்கள் பேரில் பாவு வந்தது.

முழங்கால் வலி வந்ததும் அம்மா தறியைப் பெரியம்மா மகளுக்குக் கொடுத்துவிட்டாள். அவள் அதில் இன்றும் நெய்கிறாள். நாங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது, கால் வைத்து மிதிக்கத் தரையில் இருந்த தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டார்கள். அம்மா அழுவாள் என்று நான் கைக்குட்டையோடு நின்றேன். "இப்பதான் கால நீட்ட எடம் கெடச்சிது" என்று அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கலங்கியது நான்தான். அந்தக் குழியில் காலை இறக்கி அம்மா உட்கார்ந்தால், சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் நிற்கும் என் முகத்துக்கு நேராக அவள் முகம் இருக்கும். பள்ளிக்கூடத்துக் கதை, பொய், கோபம் எல்லாவற்றையும் அப்படிக் கண்ணுக்கு நேராகத்தான் சொன்னேன். உயரமாக இருந்த பெரியவர்களுக்கு நடுவே, என் உயரத்தில் இருந்த ஒரே பெரிய மனுஷி அவள். அம்மா எனக்கு நேராக உட்கார்ந்த அந்த உயரம் இப்போது எந்த வீட்டிலும் இல்லை.