ரைட்டரம்மாவின் நோட்டு

பல்துறை ஆனர்ஸ் வகுப்பில் மொத்தமே பதினோரு பேர். கல்லூரி சின்னது, வகுப்பு அதைவிடச் சின்னது. நூலகத்தின் பின்பக்கம், ஒரு காலத்தில் பழைய செய்தித்தாள்களைக் கட்டிப் போட்டிருந்த அறைதான் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நடுவில் வட்ட மேசை. இயற்பியல் சாரும் வரலாற்று மேடமும் பிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்கார்ந்துகொள்வார்கள். முதல் நாள், எந்தப் பக்கம் பார்த்து உட்கார்வது என்றே, பதினோரு பேரில் ஒருத்தியான அவளுக்கு விளங்கவில்லை.

அறிமுகத்தின்போது, "அப்பா என்ன செய்யறார்?" என்று கேட்டார்கள்.

"பெரிய ஆபீஸ்ல வேலை" என்றாள். பொய்யில்லை. பதினான்கு மாடி ஆபீஸில் அப்பா லிஃப்ட் ஓட்டுகிறார். எந்த மாடி என்று யாராவது கேட்டிருந்தால், எல்லா மாடியும் என்று சொல்லியிருக்கலாம். விடுதி அறைக்கு வந்த பிறகுதான் இது தோன்றியது. தானே சிரித்துக்கொண்டாள். கூடச் சிரிக்க ஆளில்லை.

அந்தப் பருவம் முழுக்க ஒரே பொருள்: காத்திருத்தல். அதைக் கணக்காக, வரலாறாக, கதையாக, பொருளாதாரமாகப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். யார் பேசினாலும் மற்றவர்கள் நடுவில் மறித்துப் பேசினார்கள். சாரையே, "அது சரியா வரலை சார்" என்றார்கள். அவள் படித்த பள்ளியில் ஆசிரியர் பேசுவார், பிள்ளைகள் எழுதுவார்கள். கூடுதலாக எழுதுகிறவள் நல்ல பிள்ளை. அவளுக்குத் தெரிந்த ஒரே நல்லதைத்தான் இங்கேயும் செய்தாள். யார் வாயைத் திறந்தாலும், பெயர் போட்டு, ஒரு வரி விடாமல் எழுதினாள்.

மூன்றாவது வாரம், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் மாதிரி எழுதுகிறாள் என்று 'ரைட்டரம்மா' எனப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"என்ன ரைட்டரம்மா, வாக்குமூலம் எழுதியாச்சா? ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தரேன்."

பட்டப்பெயர் வைத்தால் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டதாகத்தானே அர்த்தம் என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அது ஒரு வெள்ளிக்கிழமை வரைதான். கேன்டீனில் பத்துப் பேரும் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் அவளுடைய கையெழுத்தின் ஜெராக்ஸ். அவள் டீ வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "தேங்க்ஸ் ரைட்டரம்மா" என்று கையை மட்டும் ஆட்டினாள்.

பருவம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வரலாற்று மேடம் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"இதுல பத்துப் பேர் இருக்காங்க. நீ எங்கம்மா?"

"நான்தான் மேடம் எழுதினது."

"அது தெரியுது." நோட்டை மூடினார். "பருவத்துக்கு ஒரு தடவையாவது பேசணும். இல்லன்னா சாதாரணப் பிரிவுக்கு மாத்திடுவாங்க. எனக்கு மனசில்லை. ஆனா மார்க் போட என்கிட்ட எதுவும் இல்லையே. வியாழக்கிழமை கடைசி வகுப்பு. பார்த்துக்கோ."

தினமும் மாலை ஐந்து மணி சுமாருக்கு அப்பா போன் செய்வார். பத்து நிமிடம் பேசுவார். திடீரென்று, "பெரியவர் வந்துட்டார்" என்று வைத்துவிடுவார்; முதலாளியை அவர் அப்படித்தான் சொல்வார். அன்று அவரிடம் சொன்னாள்.

"பேசலைன்னா அனுப்பிடுவாங்களாம்ப்பா."

"பேசினாத்தானே அனுப்புவாங்க? இது என்ன உலகத்துல இல்லாத நியாயமா இருக்கு!" அப்பாவுக்குச் சிரிப்பு. "இருபத்திரண்டு வருஷமா இந்தப் பெட்டிக்குள்ள நிக்கறேன். காதுல விழாத பேச்சில்ல. ஒருநாள் வாயைத் திறந்திருந்தாலும் சீட்டு கிழிஞ்சிருக்கும். நீ கம்முனு இரு பாப்பா, ஒண்ணும் ஆகாது."

வியாழக்கிழமை வந்தது. கணிதம் படிக்கும் பையன் எழுந்துபோய் வெள்ளைப் பலகையில் வரிசைக் கணக்குப் போட்டான். அவனைக் கணக்குப்புலி என்பார்கள்.

"ஒரு ஆபீஸ், ஒரே லிஃப்ட், காலை ஒன்பது மணி. முதல்ல வந்தவங்க முதல்ல போவாங்கன்னு வச்சுக்குவோம்…"

அவள் பேனா நின்றது.

"போக மாட்டாங்க."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். பத்துத் தலைகளும் திரும்பின.

"ரைட்டரம்மா பேசுது டோய்!"

"முதலாளி கார் தெருமுனைக்கு வந்ததுமே வாட்ச்மேன் கீழேர்ந்து பெல் அடிப்பார். அப்புறம் லிஃப்ட்டைத் திறந்தபடியே நிறுத்தி வச்சிருக்கணும். அவர் வர பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் மத்தவங்க படியில ஏறுவாங்க. சாயங்காலமும் அப்படித்தான், மேல் மாடியில. எல்லாரும் லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கலை. ஒரு ஆளுக்காக லிஃப்ட்டும் காத்திருக்கு. உன் கணக்குல அது இல்லை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா அப்படி ஒரு லிஃப்ட்டைத்தான் ஓட்டுறார்."

கணக்குப்புலி பலகையில் ஒரு வரியை அழித்தான். இயற்பியல் சார், "நல்லா மாட்டுனே" என்று அவனைப் பார்த்துச் சிரித்தார். மேடம் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அவ்வளவுதான், ஆனர்ஸில் தன் இடம் தங்கிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

கேன்டீனில் கையாட்டினவள், கெட்ட எண்ணம் இல்லாமல்தான், கேட்டாள்: "ஆனா உங்கப்பா ஏன் அதுக்கு ஒத்துக்கறார்?"

வேலை போய்விடும் என்று சொல்லலாம். சொன்னால் அப்பா இன்னும் சின்னவராகிவிடுவார் போலிருந்தது. பேச்சு வேறு பக்கம் போனது. அன்று யாரும் எதையும் எழுதவில்லை, அவளும்தான். வகுப்பு கலைந்தபோது நோட்டுக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மணி ஐந்து.

"என்ன பாப்பா, கம்முனு இருந்தியா?"

"பேசிட்டேன்ப்பா. வச்சுக்கிட்டாங்க."

"அட! என்ன பேசின?"

அவரை நடுமேசையில் தூக்கி வைத்துவிட்டு வந்ததை எப்படிச் சொல்வது? அதற்குள் போனுக்குள் தூரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. "அண்ணே, லிஃப்ட் கீழ போகுமா?"

"பத்து நிமிஷம் ஆகும்மா. படியில போயிடுங்க" என்றார் அப்பா. செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது. பதினான்கு மாடி.

இத்தனை நாளும் தன்னோடு பேச அப்பாவுக்கு அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டதே இல்லை.

"ம், சொல்லு பாப்பா" என்றார் அப்பா. "அவர் வர நேரமிருக்கு."