வசந்தியின் வலது கண்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போயிடற ஆளுங்க நான். கல்கத்தாவுல அலிப்பூர் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனி லேப்ல வேலை பார்த்தவ, கண்ணால பார்க்காததை நம்பக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சம்பளமே. அதனால இதை நீங்க நம்பலைன்னா எனக்குக் கோவம் வராது, ஆனா நடுவுல சிரிச்சீங்கன்னா அத்தோட நிறுத்திடுவேன், ஆமா.

எண்பதுகள்ல நடந்தது. நானும் என் தங்கச்சி வசந்தியும் பெஹாலாவுல வாடகை வீட்ல இருந்தோம், அப்பா ரயில்வேல ரிட்டயர் ஆன கையோட போய்ச் சேர்ந்துட்டார், அம்மா அதுக்கும் முன்னாடியே. வசந்திக்கு வலது கண்ணுக்குள்ள வைரஸ் புகுந்து பார்வை மொத்தமா போயிடுச்சு, இடது கண்ணுக்கும் பரவும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. கண்ணுக்குள்ளேயே ஊசியா போட ஒரு மருந்து வந்திருந்தது, ஆனா எவ்வளவு போட்டா கண்ணே கெட்டுப் போகும்னு தெரியாம மனுஷங்களுக்குப் போட மாட்டோம்னாங்க. என் தலையெழுத்தைப் பாருங்க, அதைக் கண்டுபிடிக்கற வேலை எங்க லேப்லதான் நடந்துட்டிருந்தது, முயலுங்களை வச்சு. நான் வசந்திகிட்ட மூச்சு விடல. தெருப் பூனைக்குப் பால் வைக்கறவ அவ, தெரிஞ்சா அந்த மருந்தே வேண்டாம்னுடுவா.

ஒவ்வொரு முயலுக்கும் வலது கண்ல மருந்து, இடது கண்ல வெறும் உப்புத் தண்ணி. கொஞ்சமா போட்டதுங்க நல்லாத்தான் இருந்துச்சு. அதிகமா போட்டதுல ஒண்ணு, காதுல பச்சை நம்பர் குத்தின வெள்ளை முயல், போகப் போக வலது பக்கமா கூண்டுல இடிச்சுக்க ஆரம்பிச்சுது. முயலுக்குப் பேர் வைக்கக் கூடாதுன்னு எங்க மேலதிகாரி சென் பாபு ரொம்பக் கண்டிப்பு, வச்சா ஊசி பிடிக்கிற கை நடுங்கும்பார். நானும் வச்சதில்ல.

அன்னிக்கு சாயங்காலம் அதுக்குக் கடைசி சோதனை, முடிஞ்சதும் அதை ஊசி போட்டு சாகவச்சு கண்ணை எடுத்துப் பார்க்கணும். அந்த நேரம் பார்த்து லோட்ஷெட்டிங். கல்கத்தாவுல அப்பல்லாம் கரண்ட் இருந்தாத்தான் அதிசயம். ஜெனரேட்டரைப் பார்க்கறேன்னு சென் பாபு கீழ போயிட்டார், நான் ஒருத்தி. ஒரு கையால முயலை அணைச்சுக்கணும், இன்னொரு கையால அதோட நல்ல கண்ணைப் பொத்தணும், அப்பதான் வலது கண்ல வெளிச்சம் தெரியுதான்னு பார்க்க முடியும். டார்ச்சை யார் பிடிக்கறது? மாஸ்க்கைக் கழட்டிட்டு பல்லால கவ்விக்கிட்டேன். வெளிச்சம் வெள்ளை ரோமத்துல பட்டு என் மூஞ்சியில அடிச்சுது. முயலோட கண்மணி சுருங்கவே இல்ல. உடம்பு மட்டும் வெடவெடன்னு நடுங்குது. வசந்திக்கு தினம் சொட்டு மருந்து விடறப்ப சொல்லிச் சொல்லிப் பழகின வாய், டார்ச்சோடவே குழறிடுச்சு, "பயப்படாதே வசந்தி, அக்கா இருக்கேன்ல."

லேப்ல பெங்காலி தவிர பேசினவ இல்ல நான். தமிழ்ல சொன்னது அதுக்கு என்ன புரிஞ்சுதோ, நடுக்கத்தை நிறுத்திட்டு அந்தக் குருட்டுக் கண்ணால என்னையே பார்த்துச்சு. நம்புங்க நம்பாம போங்க, பார்த்துச்சு. எனக்கு அழுகையை அடக்க முடியல. அப்புறம் சென் பாபு வந்து ஊசியைப் போட்டார், பிடிச்சுக்கிட்டிருந்தது நான்தான்.

வீட்டுக்கு வந்தா அங்கயும் இருட்டு. வசந்தி கட்டில்ல உட்கார்ந்து நல்ல கண்ணை உள்ளங்கையால பொத்திக்கிட்டிருக்கா.

"டார்ச்சை ஏன்க்கா வாயில கவ்விக்கிட்டு அழுதே?"

யார் சொன்னான்னு கேட்டேன். யாரும் சொல்லல, இந்தக் கண்ல நீ தெரிஞ்சேன்னு வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினா.

அந்த முயலாலதான் எவ்வளவு போடக் கூடாதுன்னு தெரிஞ்சுது. வசந்திக்கு அளவா ஊசி போட்டாங்க, இடது கண் தப்பிச்சுது. இப்ப அவ டாலிகஞ்ச்ல பேரன் பேத்தியோட இருக்கா. லேப் விஷயத்தை இன்னும் நான் சொல்லல. ஆனா சில நாள் பேசிக்கிட்டே இருக்கறப்ப இடது கண்ணைப் பொத்திக்குவா. அந்தக் கண்ல வேற எதுவுமே தெரியறதில்லையாம், நான் மட்டும்தானாம், இன்னும் தலை நரைக்காம. பாக்கறப்பல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா, சின்னக் குழந்தை மாதிரி.

"அக்கா இருக்கேன்னு சொன்னியே, அப்புறம் ஏன்க்கா இருட்டிடுச்சு?"