வாளியில் விட்ட கடல் நண்டு

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஓய்ந்துபோய் வீட்டுக்கு வந்தால், தூத்துக்குடியிலிருந்து நாத்தனார் உயிர் நண்டு கொண்டுவந்திருந்தாள். பஸ் அலுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் பிறந்த கூமாப்பட்டியில் வயல் நண்டைத் தண்ணீரில்தான் போட்டு வைப்போம். அதே நினைப்பில் அவள் நண்டைக் கட்டிக்கொண்டுவந்த ஈரச்சாக்கை அவிழ்த்து, எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீர் வாளியில் விட்டேன். மசாலா அரைத்து, பானைத் தண்ணீர் கொதித்தபோது பார்த்தால், ஒன்றுகூட அசையவில்லை. எப்படியும் வேகத்தானே போகிறது என்று அள்ளினேன்.

வாளி உருண்ட சத்தம் கேட்டு நாத்தனார் எழுந்து ஓடிவந்தாள். "போடாதீய மதினி! கடல் நண்டு நல்ல தண்ணியில கெடக்காது. எப்பச் செத்துச்சோ, தின்னா வயித்தால போயிரும்."

நண்டைப் புதைத்துவிட்டு, அந்த மசாலாவில் உருளைக்கிழங்கை வேகவைத்துத் தின்றோம். இப்போதெல்லாம் நண்டு வந்தால் ஈரச்சாக்கோடு நிழலில் வைத்துவிடுகிறேன். வாளித் தண்ணீரில் என் முகத்தை மட்டும் கழுவிக்கொள்கிறேன்.