புயல் காட்டிய கடிகாரம்

அப்பா கப்பலில் சுக்கான் பிடித்தவர். சென்னைக்கும் ரங்கூனுக்கும் போய்வந்த அந்தக் கப்பலை உடைக்கப் போட்டபோது, அதிலிருந்த பித்தளைச் சாமான்கள் சிலவற்றை வாங்கிக்கொண்டு, கடல் என்றால் என்னவென்றே தெரியாத ஒடுகத்தூரில் வந்து வீடு கட்டினார். திசைகாட்டி இருந்த கிண்ணத்தை அம்மா மேஜை நடுவில் வைத்துக் காகிதப் பூ சொருகினாள். நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கிற கருவியை மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் புளி போட்டுத் தேய்த்தாள். அதில் பொறித்திருந்த கோடுகளெல்லாம் அழிந்துபோயின. வீட்டுக்கு வந்தவர்கள் "தங்கம் மாதிரி மின்னுதே" என்றார்கள். அம்மாவுக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் அப்பா யாரையும் தொட விடவில்லை. காற்றின் கனத்தை வைத்து மழை வெயில் சொல்லும் பாரமானி அது. எங்கள் வீட்டில் அதற்குப் புயல் கடிகாரம் என்று பேர். முள் வலப்பக்கம் போனால் வெயில், இடப்பக்கக் கோடியில் புயல்.

யுத்த காலத்தில், ஒரு ஆவணியில் எனக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை ஜவ்வாது மலை மேலே, நெல்லிவாசல்நாட்டில், பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அப்பா கடிகாரத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

"வானத்த நம்பாத. இந்த முள்ளப் பாத்துதான் நான் உசுரோட வூடு வந்து சேந்தேன்."

ஒரு பகல் முழுக்க மலையேறினோம். கடிகாரத்தைப் புடவையில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு போனேன். சுவரில் மாட்டிப் பார்த்தால், புயல் கோட்டையும் தாண்டிப் போய் நிற்கிறது முள்! இரண்டாம் நாள் கொட்டிய மழையில் பள்ளிக்கூடத்தின் மண் சுவர் ஒரு பக்கம் சாய்ந்தது. அதோடு நான் முள்ளுக்கு அடிமை. ஊர்ச்சனம் வந்து வேடிக்கை பார்த்தது. என் வீட்டுக்காரர் அதன் கீழே நான் பின்னிய லேஸ் துணியைத் தொங்கவிட்டு அழகு பார்த்தார்.

கார்த்திகையில் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார், என்னைப் பார்க்கவேண்டும் என்கிறார், உடனே வா. நான் துணியை மூட்டை கட்டினேன். வீட்டுக்காரர் சுவரைக் காட்டினார்.

"முள்ளப் பாரு. வழியில ரெண்டு ஓடை. உங்கப்பா குடுத்தது சொல்றத நீயே கேக்கலன்னா எப்படி?"

கேட்டேன். 'முள் புயலிலேயே நிற்கிறது அப்பா, வெயில் பக்கம் திரும்பினதும் புறப்படுகிறேன்' என்று என் கைப்பட எழுதினேன். ஒரு மாதத்துக்குள் அப்படி மூன்று கடிதம். சந்தைக்கு இறங்குகிற மலைக்காரர்கள்தான் அவற்றை வெயிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெயிலிலேயே திரும்பி வந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அவர்கள் காட்டில் பிறந்தவர்கள், எந்த மழையிலும் போவார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். சரி என்றேன். என் புத்தியை என்ன சொல்ல!

மார்கழியில் காட்டை அளக்க வந்த சர்வேயர் ஒருவர் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, இத இன்னும் திருப்பி வெக்கலியா? மலை மேல காத்து லேசா இருக்கும், முள்ளு எப்பவும் புயல் பக்கந்தான் நிக்கும். கடலுக்குன்னு செஞ்சதும்மா இது. பின்னால ஒரு திருகு இருக்குது பாருங்க, அதத் திருகி மலை உயரத்துக்கு ஏத்தாப்புல வெக்கணும். ஐப்பசியில வந்தப்பவே பாத்துட்டு வாத்தியார்கிட்ட சொன்னேனே, நீங்க அப்ப வூட்ல இல்ல."

சொம்பை அவர் கையில் கொடுத்தேன். அவர் குடித்து முடித்துவிட்டுப் போனதுகூட எனக்குச் சரியாக நினைவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவரிடம், "உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார்.

"முன்ன இருந்த வாத்தியார் சம்சாரம் பிரசவத்துக்குன்னு எறங்கிச்சு. திரும்பி வரவே இல்ல. நீயும் போனா வரமாட்டன்னு பயந்துட்டேன்."

"வந்திருப்பேன்," என்றேன்.

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. என் அப்பாவின் கையாலேயே என்னைக் கட்டிப்போட்டிருந்தார் அந்த மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று அடுப்பு மூட்டவில்லை.

மறுநாள் விடிந்ததும் சந்தைக்காரர்களோடு இறங்கினேன். இரண்டு ஓடையிலும் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அப்பாவின் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் மலை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தெளிவாகத் தெரிந்தது. மேகம் ஒன்றுமில்லை. என் மூன்று கடிதங்களும் தலையணைக்குக் கீழே இருந்தன.

"புயல் அடங்கிடுச்சாம்மா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மலையின் உயரம், திருகு, சர்வேயர் சொன்னது, வீட்டுக்காரர் மறைத்தது, ஒன்று விடாமல். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"முப்பது வருசம் கப்பல்ல அத பாத்துனு இருந்தவன் நான். ஒரு நாளும் அது தப்பா காட்டல. மலை மேல மேகமே இல்லாதப்ப அது எப்படிப் புயல் காட்டும்? வரப் புடிக்கலன்னா புடிக்கலன்னு எழுதியிருக்கலாமே. இன்னாத்துக்கு மாப்பிள்ளை மேல பழி போடற?"

"சத்தியமாப்பா," என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார். அதுவரை என்னோடு பேசவில்லை.

சேதி போய் வீட்டுக்காரர் ஓடிவந்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். பெட்டியை முன்பக்கம் தோள் கொடுத்துக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் சுமந்தார். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, அப்பாவின் பெரிய தங்கை, என் அத்தை, எல்லோர் காதிலும் விழச் சொன்னாள்.

"மாப்பிள்ளை தங்கமானவரு. சேதி கேட்டதும் அவ்ளோ தூரத்துல இருந்து ஓடியாந்துட்டாரு பாரு. பெத்த பொண்ணுக்குத்தான் ஒரு மாசமா வழி கெடைக்கல."

அவர் என் பக்கத்தில்தான் நடந்து வந்துகொண்டிருந்தார். துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை பதிலுக்காக என் முகத்தையே பார்த்தாள்.

"ஆமாங்க அத்தை," என்றேன்.